பேத்தமங்கலத்துத் தண்ணீர்

சாம்பியன் ரீப்ஸ்
8-2-1970

அன்புத் தம்பி முனிரத்தினத்துக்கும் பத்மாவுக்கும் அக்கா தாயம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மாமாவுக்கு இருமல் குறையவில்லை. பத்மாவுக்கு வாந்தி நின்றதா? டில்லிக் குளிரில் அவளைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க விடாதே.

நீ சொல்லியனுப்பிய ஜெர்மன்காரர் பொங்கல் கழிந்த கையோடு வந்து சேர்ந்துவிட்டார். பேர் வெர்னர். ஐம்பது தாண்டியிருக்கும். நல்ல உயரம், மூக்கு மட்டும் எப்போதும் சிவப்பு. மாமா வேலை செய்கிற கம்ப்ரஸர் ஹவுசில்தான் அவர்கள் நாட்டு மெஷினை இறக்கியிருக்கிறார்கள். தங்கச் சுரங்கத்துக்குள் பாறை துளைக்கிற மெஷினுக்கெல்லாம் காற்று இனி இதிலிருந்துதான் போகுமாம். அதைப் பூட்டி ஓட்டிக் காட்டுகிற வரை அவர் இங்கேதான்.

பக்கத்தில் ஊரிகத்தில் அவருக்குப் பங்களா கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே சமையல்காரன் தினம் தினம் உருளைக்கிழங்கையே வேகவைத்து வைக்கிறானாம். மனுஷர் பாவம், எத்தனை நாள்தான் தின்பார்? மாமா ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். களியும் கொள்ளு ரசமும் போட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். அன்றிலிருந்து ராச்சாப்பாடு இங்கேதான். எல்லாரும் என்னை அக்கா என்பதைக் கேட்டுக் கேட்டு அவரும், “இன்னா அக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு?” என்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்! எங்கள் லைன் வீடுகள் முழுக்கச் சிரிக்கிறது.

பக்கத்து வீட்டுச் சரோஜம்மாவுக்குத்தான் வயிற்றெரிச்சல். குழாயடியில் எல்லார் எதிரிலும், “வெள்ளக்காரன் குட்ச்ச டம்ளர நீ தொட்டுக் கழுவுவியா தாயம்மா?” என்றாள். “உன் டம்ளரத்தான் தொடமாட்டேன், போடி” என்றேன். பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீர் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, அதுவும் நூல் மாதிரி. சண்டை போடாமல் ஒரு குடம் நிரம்பாது. மாமா பஜாருக்குப் போய் எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கி, கல்யாணப் பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரி ‘வெர்னர்’ என்று தமிழில் பேர் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதைப் பார்த்து அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

உங்கள் சாமி எது என்று கேட்டேன். “சாமி இல்லை அக்கா. எங்க நாட்டுல சாமிக்கு லீவு” என்று மாமா வழியாகச் சொன்னார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வயதான அம்மா மட்டும் தனியாக இருக்கிறாளாம். அந்த அம்மாவுக்குக் காப்பி என்றால் உயிராம். நம் காப்பிக்கொட்டை அங்கே போகிறது, அதற்கு ஈடாக மெஷின் இங்கே வருகிறது என்று மாமா விளக்கினார். “அப்போ உங்கம்மா குடிக்கிற காப்பிக்குத்தான் நீங்க இங்க வந்து வெயில்ல காயறீங்களா?” என்று கேட்டேன். மாமா அதை இங்கிலீஷில் சொன்னதும் மனுஷர் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மாமா உன்னை விசாரித்தார். பத்மாவுக்கு மாங்காய் ஊறுகாய் ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

அக்கா தாயம்மா

—

புது டில்லி
20-2-1970

அக்காவுக்கும் மாமாவுக்கும் முனிரத்தினம் வணக்கம். பத்மா சௌக்கியம். வாந்தி நின்று இப்போது பசி பிடித்துக்கொண்டது, ஊறுகாயை மறந்துவிடாதே. மாமா இருமலைச் சும்மா விடக்கூடாது.

வெர்னரைப் பார்த்துக்கொள்வதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ஊரில் யாரும் எங்கள் ஆபீசை எம்பஸி என்று சொல்லவேண்டாம். ஜெர்மனி இப்போது இரண்டு. மேற்கே இருப்பதை நம் சர்க்கார் நாடு என்று ஒத்துக்கொண்டு தூதர் வைத்திருக்கிறது. கிழக்கே இருப்பதோடு கொடுக்கல் வாங்கல் மட்டும்தான். வீட்டு வாசலில் நிறுத்திவைத்துச் சாமான் வாங்குவோம், பந்தியில் உட்காரவைக்க மாட்டோம், அப்படி ஒரு உறவு. எங்களுடையது அந்தக் கிழக்கு நாட்டின் வெறும் வியாபார அலுவலகம். கை தவறி எம்பஸி என்று டைப் அடித்துவிட்டால் கடிதம் அப்படியே திரும்பி வருகிறது. இங்கே உள்ளவர்கள் கோட்டும் டையுமாகச் சர்க்கார் ஆபீசுகளுக்குப் போய், தங்களையும் ஒரு நாடு என்று ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் திரும்பி வருகிறார்கள். அவர்களைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

என் வேலை இன்னும் டெம்பரரிதான். ஜூலையில் அவர்கள் நாட்டிலிருந்து வியாபாரக் குழு வருகிறது. அதற்குப் பிறகு நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்கிறார்கள். வெர்னர் உங்கள் வீட்டில் சாப்பிடுகிறார் என்று எங்கள் அதிகாரிக்குத் தெரியும். அவர் நல்லபடியாக ஊர் திரும்பினால் எனக்கும் ஒரு நல்ல பேர். நான் நம்பியிருப்பது உங்கள் இருவரைத்தான்.

தம்பி முனிரத்தினம்

—

சாம்பியன் ரீப்ஸ்
17-4-1970

தம்பி முனிரத்தினத்துக்கு அக்கா எழுதுவது. இந்தத் தடவை சௌக்கியம் விசாரிக்கவும் கை வரவில்லை. இதற்குள் உனக்கு விஷயம் தெரிந்திருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்கிறார் மாமா.

போன சனிக்கிழமை மத்தியானம் கம்ப்ரஸர் ஹவுசில் மெஷின் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர், “மாணிக்கம், வாட்டர்” என்றிருக்கிறார். மாமா தண்ணீர் எடுத்து வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மெஷினும் முக்கால்வாசி பூட்டியாகிவிட்டது தம்பி, இன்னும் பத்து நாளில் ஓட்டிக் காட்டுவதாக இருந்தார்.

உனக்குத் தந்தி கொடுத்தோம். நீ பத்மாவைக் கூட்டிக்கொண்டு ஆக்ரா போன நேரம் பார்த்து இப்படி ஆகவேண்டுமா? இங்கே ஆபீசில் ஒரு மகராசன், ஜெர்மன் எம்பஸி, டில்லி என்று போட்டுத் தந்தி அடித்துவிட்டான். எந்த ஜெர்மனி என்று அவனுக்கு என்ன தெரியும்? திங்கட்கிழமை பொழுது சாய்ந்துதான் பதில் வந்தது, இவர் எங்கள் நாட்டு ஆள் இல்லை என்று. அதுவரை ஐஸ் கட்டி வாங்கி வாங்கிப் போட்டு வைத்திருந்தோம். சித்திரை வெயிலில் ஐஸ் எத்தனை நேரம் தாங்கும்?

மாமாவோடு வேலை செய்கிற மரியகுழந்தை போய்க் குருவானவரைக் கேட்டார், கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடம் கொடுங்கள் என்று. ஞானஸ்நானச் சீட்டு வேண்டும் என்றார் அவர். அவர் மேல் தப்பில்லை. செத்தவரே எனக்குச் சாமி இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். சுரங்கத்துச் சூப்பிரண்டும் கைவிரித்துவிட்டார். “செய்றத செய்ங்கப்பா, சீக்கிரம் செய்ங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நாதியற்ற பிணமாக விட்டுவிட முடியுமா? நம் வீட்டுச் சோறு தின்ற உடம்பு. பூப்பல்லக்குக் கட்டி, மேளம் வைத்து, ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் தோள் கொடுத்தார்கள். யார் கொள்ளி வைப்பது என்று மயானத்தில் பேச்சு எழுந்தது. மாமா, “நான் அவருக்குத் தம்பி மாதிரி, நான் வெக்கிறேன்” என்று முன்னால் போய்விட்டார். மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றவரைப் பார்த்து நான் அழுதேன்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா

—

புது டில்லி
25-4-1970

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்ராவிலிருந்து வந்து பூட்டிய கதவில் தந்தியைப் பார்த்ததும் பத்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேரே ஆபீசுக்கு ஓடினேன். அவளுக்கு ஆறாம் மாதம்.

மாமா செய்த காரியத்தை எங்கள் அதிகாரியிடம் சொன்னேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஊர்க்காரர்களுக்கும் எரிப்பது வழக்கம்தானாம், அதனால் அதில் தவறு ஒன்றும் இல்லை.

வெர்னரின் அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது, பேர் எம்மா. மகனின் சாம்பலை அனுப்பிவைத்தால் போதும், அவன் அப்பாவின் கல்லறை பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் வழக்கத்தில் சாம்பலைச் செப்புச் சட்டியில் போட்டு மூடிப் புதைப்பார்களாம். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, சாம்பல் எங்கே என்று கேட்டார். நம் வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் வெள்ளைக்காரர் விஷயமாயிற்றே, சுரங்கத்து ஆபீசில் யாராவது எடுத்துப் பத்திரப்படுத்தியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். ‘சாம்பல் என் குடும்பத்தார் வசம் பத்திரமாக இருக்கிறது’ என்று நானே டைப் அடித்து, நானே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது அவர்கள் நாட்டுக்குப் போய்விட்டது.

சாம்பல் எங்கே இருக்கிறது என்று உடனே எழுது.

முனிரத்தினம்

—

சாம்பியன் ரீப்ஸ்
8-5-1970

தம்பிக்கும் பத்மாவுக்கும் அக்கா ஆசீர்வாதம். பத்மாவை மாடிப்படி ஏறவிடாதே. இங்கே வெயில் தாங்கவில்லை. பேத்தமங்கலம் ஏரி தரை தெரிகிறதாம், வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர். நேற்று சரோஜம்மா என் குடத்தை எடுத்துக் கீழே வைத்தாள். நான் அவள் குடத்தை எடுத்துச் சாக்கடையில் வைத்தேன்.

மாமா தீட்டு காத்தார். பங்காளிகள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். “எவனோ ஒர்த்தனுக்குக் கொள்ளி வெச்சிட்டு வந்துகீறியே, உனக்கு இன்னா பைத்தியமா?” என்று சித்தப்பா நம் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டார். மாமா ஒரே பேச்சுதான் பேசினார். “எனக்கு வெக்க ஆள் இல்ல. அவருக்கும் இல்ல. நான் இருக்கறப்போ அவருக்கு வெச்சேன், இதுல உனக்கு இன்னா போச்சு?” பங்காளிகள் அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மெஷினை அப்படியே சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். வேறு ஆள் வருவாராம்.

நீ கேட்டதைப் பற்றி மாமா ஊருக்குப் போய் வந்ததும் எழுதுகிறேன்.

அக்கா

—

புது டில்லி
16-5-1970

அக்காவுக்கு வணக்கம். மாமா எந்த ஊருக்குப் போனார்? உங்களுக்கு வேறு ஊர் ஏது?

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ குடத்தைச் சாக்கடையில் வைத்ததை எழுதுகிறாய். அக்கா, எனக்கு பயமாக இருக்கிறது. இவர்களுக்கு இங்கே தூதரகம் இல்லாததால் ஒரு பிடிச் சாம்பலை வெளியே எடுத்துப்போகக்கூட எந்த முத்திரை யார் போடுவது என்று தெரியாமல் மூன்று ஆபீஸ் அலைகிறேன். ஒருவர் சுகாதாரம் என்கிறார், ஒருவர் சுங்கம் என்கிறார், ஒருவர் அந்த நாட்டின் தூதர் கையெழுத்து எங்கே என்று கேட்கிறார். தூதர் இல்லாத நாட்டுக்குத் தூதர் கையெழுத்துக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் ஜூலையில் வருகிற வியாபாரக் குழு திரும்பும்போது தங்கள் பெட்டியோடு எடுத்துப்போவது என்று முடிவாகியிருக்கிறது. அந்த அம்மா குழி வெட்டிவைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

பதில் போடு.

முனிரத்தினம்

—

சாம்பியன் ரீப்ஸ்
27-5-1970

தம்பி முனிரத்தினத்துக்கு அக்கா எழுதுவது. கோபப்படாமல் படி. பத்மாவிடம் இப்போது காட்டாதே.

சாம்பல் இல்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. எரித்த மூன்றாம் நாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கி, புதுச் சட்டியில் கட்டி, மாமாவும் மரியகுழந்தையும் பேத்தமங்கலம் போனார்கள். பாலாற்றில் ஒரு சொட்டு இல்லை. ஏரியில் இருக்கிற கொஞ்சத்தில் கரைக்கலாம் என்றால் காவல்காரன், “குடிக்கிற தண்ணியில போடறியே, உனக்கு இன்னா அறிவுகீதா?” என்று விரட்டிவிட்டான். அதனால் ஏரிக்கு மேலே ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கீழே ஈரம் கண்ட இடத்தில் கவிழ்த்து மூடிவிட்டு வந்திருக்கிறார்கள். மழை வந்தால் ஆறு எடுத்துக்கொண்டு போகும் என்று நினைத்தார்கள். அவர் போகிற வழியில் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் தம்பி. வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது நமக்கு என்றைக்குப் பழக்கம்? அந்த அம்மாவைக் கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவளும் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தும் தோன்றவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

உன் கடிதம் கண்டதும் மாமா லீவு போட்டுவிட்டு மண்வெட்டியோடு போனார். இடம் அடையாளம் தெரியவில்லை. மறுபடி போனார். மணல் அள்ளுகிற வண்டிகள் உழுத மாதிரி ஆக்கிவைத்திருக்கின்றன. நாள் முழுக்கத் தோண்டியிருக்கிறார். போன வாரம் மேற்கே இடித்தது பார், ஒரே ராத்திரியில் ஆறு வந்துவிட்டது. மூன்றாம் தடவை போனபோது தண்ணீர் முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்ததாம். நனைந்த வேட்டியோடு வந்து உட்கார்ந்து, “போயிட்டார்டி” என்றார்.

உன் கையெழுத்து பொய்யாகிப் போனதற்கு நாங்கள்தான் காரணம். என்ன செய்யலாம் என்று எழுது.

அக்கா

—

புது டில்லி
5-6-1970

அக்கா,

என்ன செய்யலாம் என்று கேட்கிறாய். சொல்கிறேன், திட்டாதே. அடுப்பில் இருக்கிற சாம்பலை ஒரு டப்பாவில் போட்டு ஈயம் வைத்து மூடி அனுப்பு. யாருக்குத் தெரியப்போகிறது? அந்த அம்மா திறந்து பார்க்கப்போவதில்லை. மண்ணில் வைத்து மூடி, பூ வைத்து, மனசு ஆறிப்போவாள். எனக்கும் வேலை நிலைக்கும். பத்மாவுக்கு ஆகஸ்டில் பிரசவம். இந்த வேலை போனால் டில்லியில் ஒரு நாள் இருக்க முடியாது. ஊருக்கு வந்தால் எனக்குச் சுரங்க வேலையும் தெரியாது.

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மாமாவிடம் சொல்லவேண்டாம்.

முனி

—

சாம்பியன் ரீப்ஸ்
2-7-1970

தம்பி முனிரத்தினத்துக்கு அக்கா எழுதுவது. பத்மா எப்படி இருக்கிறாள்? கால் வீங்கினால் உப்பைக் குறைக்கச் சொல்.

நாள் கடந்துவிட்டது. உன் மேல் கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. நீ சொன்ன மாதிரியே டப்பாவைக் கழுவி வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். கரண்டியால் அள்ளவும் அள்ளினேன். மத்தியானம் களி கிண்டின அடுப்பு. இதை ஒருத்தி மடியில் வைத்துக்கொண்டு, ராசா என்று அழுவாளே என்று நினைத்ததும் அள்ளினதை அடுப்பிலேயே கொட்டிவிட்டேன். நானே தின்ற சோற்றின் சாம்பல் தம்பி அது. என்னால் முடியவில்லை. மாமாவிடம் சொல்லவும் இல்லை.

மரியகுழந்தையின் மச்சான் டில்லிக்கு வருகிறார். அவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். உள்ளே வெர்னர் குடித்த டம்ளர் இருக்கிறது. மாமா தோண்டின இடத்து மணல் ஒரு பையில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நான் எழுதினதும் இருக்கிறது. நீ அதை இங்கிலீஷில் எழுதி உன் அதிகாரியிடம் கொடு, அவர் தங்கள் பாஷையில் ஆக்கட்டும். கொடுத்தால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ வார்த்தையை மாற்றினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு வாய் இல்லை, பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னிடமே விட்டுவிட்டேன். அந்தக் கடிதம் இதுதான்:

“எம்மா அம்மாவுக்கு தாயம்மா வணக்கம். உங்கள் மகன் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். கடைசி நேரத்தில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார், அவரிடம்தான் தண்ணீர் கேட்டார். எடுத்து வருவதற்குள் போய்விட்டார். எங்கள் வழக்கப்படி எரித்து, எங்கள் வழக்கப்படி சாம்பலை ஆற்றில் விட்டுவிட்டோம். வைத்திருந்தால் போனவர் போகமுடியாமல் தவிப்பார் என்று நம்புகிறவர்கள் நாங்கள். உங்களைக் கேட்டிருக்கவேண்டும். கேட்கத் தோன்றவில்லை. பிறகு தேடினோம், கிடைக்கவில்லை. இந்த மணல் அந்த இடத்து மணல். இதில் அவர் இருக்கிறார் என்று என்னால் சத்தியம் பண்ணமுடியாது. டம்ளர் அவருடையது, அதன் மேல் இருப்பது அவர் பேர். அது சத்தியம். என்னைத் திட்டவேண்டும் என்றால் திட்டுங்கள்.”

அக்கா

—

சாம்பியன் ரீப்ஸ்
9-9-1970

தம்பிக்கு அக்கா எழுதுவது. குழந்தை பிறந்தது என்று ஒரு தந்தி போட்டாய், அத்தோடு சரி. பெண் பிள்ளை என்று தெரிந்து மாமா லைன் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். பத்மாவுக்குப் பால் இருக்கிறதா? பூண்டு நிறையச் சாப்பிடட்டும்.

பெட்டி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. நீ எது செய்திருந்தாலும் எனக்குத் தம்பிதான். எழுது, அது போதும்.

புது ஆள் வந்து மெஷினைப் பூட்டி ஓட்டிவிட்டார். நன்றாக ஓடுகிறது. அவர் நம் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, பயமாக இருக்கிறது.

அக்கா

—

புது டில்லி
24-10-1970

அக்காவுக்கும் மாமாவுக்கும் முனிரத்தினமும் பத்மாவும் வணக்கம். குழந்தை சௌக்கியம். ராத்திரி தூங்குவதில்லை, நாங்களும் தூங்குவதில்லை. இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு.

பெட்டி வந்த அன்று உன் கடிதத்தை இரண்டு விதமாக இங்கிலீஷில் டைப் அடித்தேன். ஒன்றில், இந்த மண்ணில் உங்கள் மகனின் சாம்பல் கலந்திருக்கிறது என்று மட்டும் எழுதினேன். ஒரே ஒரு வரிதான் அக்கா மாற்றினேன். இரண்டையும் மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்மா நிறைமாத வயிற்றோடு வந்து, என்ன காகிதம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன் தமிழ்க் கடிதத்தை வாங்கிப் படித்தாள். “நாளைக்கு இது வயித்துல இருந்து வந்து, அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எனக்கு யாராச்சும் பொய் எழுதினா நான் அவன சும்மா விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நீ எழுதினபடியே இருந்ததைத்தான் மறுநாள் கொடுத்தேன்.

அதிகாரி படித்தார். “பத்திரமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது நீதானே?” என்றார். ஆமாம் என்றேன். அவர் கத்தவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவர் மேல் குறை இல்லை, பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான். வியாபாரக் குழு ஒப்பந்தம் முடித்துவிட்டு, மெஷினும் காப்பியும் முந்திரியும் எவ்வளவு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, உன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போயிற்று. ஆகஸ்டில் சர்க்கார் ஒருவழியாக இறங்கிவந்து, அவர்கள் கான்சல் ஜெனரல் ஆபீஸ் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பலகை மாற்றியிருக்கிறார்கள். இனி அந்த நாட்டுக்காரர் யாராவது இங்கே செத்தால் காகிதத்தில் முத்திரை போட ஆள் இருக்கிறது. நாலு மாசம் முன்னால் வந்திருக்கக்கூடாதா அந்தப் பலகை?

இப்போது ஒரு வக்கீலிடம் மத்தியானம் வரை டைப் அடிக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

எம்மா அம்மாவின் பதில் வந்திருக்கிறது. அதிகாரியே வீடு தேடி வந்து கொடுத்து, வரி வரியாகச் சொன்னார். தமிழில் எழுதுகிறேன்:

“தாயம்மா, மூன்று வாரம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். என்னைக் கேட்காமல் என் பிள்ளையை எடுத்து ஆற்றில் போட்டுவிட்டீர்கள். அந்தக் கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆனால் அவன் கடைசியாகத் தண்ணீர் கேட்டான் என்று எனக்கு வேறு யாரும் எழுதவில்லை. ஆபீஸ் காகிதத்தில் உரிய மரியாதையுடன் என்று மட்டும் இருந்தது. மணலை அவன் அப்பா பக்கத்தில் வைத்துவிட்டேன். டம்ளரைப் புதைக்க மனம் வரவில்லை. அதில் காப்பி குடிக்கிறேன். விரல் சுடுகிறது. நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள்? ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். அந்த ஆறு எங்கே போகிறது? எந்தக் கடலுக்கு? வரைபடத்தில் பார்க்கிறேன், கண் தெரியவில்லை. எம்மா.”

அக்கா, அவளுக்கு என்ன பதில் எழுதட்டும்?

தம்பி முனிரத்தினம்

—

சாம்பியன் ரீப்ஸ்
4-11-1970

தம்பிக்கும் பத்மாவுக்கும் குழந்தைக்கும் அக்காவும் மாமாவும் ஆசீர்வாதம். உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். வேலை போன இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பத்மா சொன்னதை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். அவளிடம் சொல், நான் என் தம்பிக்குப் பார்த்துத்தான் பெண் எடுத்திருக்கிறேன்.

டில்லியில் எதற்கு இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்று பேரும் கிளம்பி வாருங்கள். இங்கே ராபர்ட்சன்பேட்டையில் டைப் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் ஆள் கேட்கிறார்களாம். இருக்கிறதைக் குடிப்போம்.

எம்மா அம்மாவுக்கு எழுது. டம்ளரில் நிறைய ஊற்றக்கூடாது, மேலே ரெண்டு விரல் விடவேண்டும். விளிம்பைப் பிடிக்கவேண்டும், வயிற்றைப் பிடித்தால் சுடத்தான் சுடும். வெர்னருக்கும் முதலில் சுட்டது, பிறகு பழகிவிட்டார்.

ஆறு எங்கே போகிறது என்று கேட்டதற்குக் கடலுக்குப் போகிறது என்று எழுதிவிடலாம் என்றார் மாமா. கிழவி மனசு ஆறட்டும் என்கிறார். எனக்கும் அலுத்துத்தான் போயிருக்கிறது தம்பி, எழுதிவிடத்தான் நினைத்தேன். ஆனால் அவளுக்கு இதுவரை ஒன்றும் பொய் எழுதவில்லை. ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். அவர்கள் மணலில் கவிழ்த்துவிட்டு வந்தார்களே, அது ஏரிக்கு மேலே. ஆறு அங்கே கடலுக்கு எங்கே போகிறது? பேத்தமங்கலத்து ஏரியில் வந்து நிற்கிறது. அங்கிருந்து குழாயில் ஏறி நம் லைனுக்கு வருகிறது. அன்றைக்கு மழை வந்து ஏரி நிறைந்ததும் முதல் குடம் பிடித்தபோதே இதில் அவர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சரோஜம்மா ஊரைக் கூட்டிவிடுவாள்.

இன்றைக்குக் காலையில் தண்ணீர் விட்டார்கள். வழக்கம் போல அவள் தன் குடத்தை முந்தி வைத்தாள். நான் என் குடத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டேன். “இன்னா தாயம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று என் முகத்தைப் பார்த்தாள். “நீ புடிடி மொதல்ல, நான் அப்பறம் புடிக்கிறேன்” என்றேன். அவள் பயந்துபோய் என் குடத்தையும் சேர்த்து நிரப்பி, இடுப்பில் தூக்கிவைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்து முதல் டம்ளரை மொண்டு மாமா கையில் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். “அன்னிக்கு குடுக்க முடியல” என்றார். பிறகு குடித்தார்.

அதனால் அந்த அம்மாவுக்கு இப்படி எழுது. உங்கள் பிள்ளை எந்தக் கடலுக்கும் போகவில்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். வருகிற அன்றைக்கு எல்லாம் அவர் பேரைச் சொல்லிவிட்டுத்தான் குடம் வைக்கிறேன்.

வரும்போது குழந்தைக்குக் கம்பளி எடுத்து வா, இங்கே பனி ஆரம்பித்துவிட்டது.

அக்கா தாயம்மா